பழைய அதிர்ச்சிக்கும் பேனிக் அட்டாக்குக்கும் சம்பந்தம் உண்டா?

அக்டோபர் 6, 2024

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து உச்சத்துக்கு ஏறும் பீதி, பற்றிக் கொடைக்கானல் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"அக்கா, ஊர் கொடைக்கானல், படிப்பது மதுரையில். மூன்று வருடம் முன்பு மலைப்பாதையில் நாங்கள் வந்த வேன் பிரேக் பிடிக்காமல் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. எனக்குக் கையில் எட்டுத் தையல், அவ்வளவுதான். அதை மறந்தே போய்விட்டேன். இந்த ஜூனில் இருந்து பஸ்ஸில் மலை இறங்கும்போது திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, விரல் மரத்துப் போகிறது, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். அந்த விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? மூன்று வருடம் கழித்தா வரும்?"

வரும் தம்பி. எனக்கு ஒன்றரை வருடம் கழித்து வந்தது.

நான் கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். 2009 நவம்பர் மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 10 காலை வரையான 24 மணி நேரத்தில் கேத்தியில் மட்டும் 82 செ.மீ. மழை. மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, நூற்றுப் பதினெட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு யாரோ கதவைத் தட்டி "மேலே ஏறுங்க, மேலே ஏறுங்க" என்று கத்தினார்கள். ஐந்து வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மாவை முன்னால் விட்டு, கரண்ட் இல்லாத இருட்டில் சேற்றில் ஏறினேன். பின்னால் கேரட் தோட்டம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு நான் அழவில்லை. முகாமில் நாற்பது பேருக்கு உப்புமா கிண்டினேன். எல்லோரும் தைரியசாலி என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து, 2011 மே மாதத்தில், குன்னூர் மார்க்கெட்டில் பட்டன் வாங்கப் போன இடத்தில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி அடித்துக் கீழே உட்கார்ந்தேன். அதுதான் முதல் தடவை.

மழைதான் காரணம். தகரத்தில் மழை விழும் சத்தம் என் உடம்புக்குள் பதிந்துவிட்டது. ஒவ்வொரு பேனிக் அட்டாக்குக்கும் பின்னால் இப்படி ஒரு பழைய காயம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

அதே நாள், இரவு

மேலே கடைசிப் பத்தியில் இரண்டு தப்பு செய்திருக்கிறேன். ஒன்றை இப்போதே திருத்துகிறேன், இன்னொன்றுக்கு யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு பேனிக் அட்டாக்குக்கும் பின்னால் காயம் இருக்கும் என்று எழுதியது தப்பு. எந்தக் காயமும் இல்லாமல் நிறையப் பேருக்கு வருகிறது. குடும்பத்தில் ஓடும். தைராய்டு கூடினால் இதே படபடப்பு வரும், ரத்தம் குறைந்தால் வரும், இதயத் துடிப்பு தாளம் தப்பினால் வரும், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வரும். அதிகமாகக் காபி, டீ குடித்தாலும் வரலாம். எங்கள் பக்கம் தோட்டத்து வேலைக்காரர்கள் காலையிலிருந்து கட்டன் சாயாவிலேயே ஓட்டுவார்கள், சோறு மத்தியானம்தான். வெறும் வயிற்றில் நாலாவது டம்ளர் குடித்துவிட்டு நெஞ்சு அடிக்கிறது என்றால் முதலில் டீயைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இதயம், தைராய்டு, ரத்தம் மூன்றையும் முதலில் பாருங்கள். தம்பி இதயத்தைப் பார்த்துவிட்டார், நல்லது. "எனக்குச் சின்ன வயதில் என்ன நடந்திருக்கும்" என்று இல்லாத ஒன்றைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் 9

நிறையப் பேர் கேட்டது: பேனிக் அட்டாக்கா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர்கள் 13 அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைசுற்றல், குளிர் அல்லது சூடு, மரத்துப் போதல், சுற்றியிருப்பது நிஜமில்லை என்று தோன்றுதல், பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயம், செத்துவிடுவோம் என்ற பயம். இதில் குறைந்தது நாலு ஒன்றாகத் திடீரென்று வந்து சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம், அப்புறம் தானாக இறங்கும். அந்தப் பத்து நிமிடம் பத்து நிமிடமாக இருக்காது, அது வேறு விஷயம்.

ஏன் விரல் மரத்துப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டதுதான் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ உடம்பு தயாராகிவிட்டது. ஆனால் நாம் ஓடவில்லை, பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல் நுனியும் உதடும் ஊசி குத்துகிற மாதிரி ஆகின்றன. ஆக்சிஜன் குறைந்ததால் இல்லை. "நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேகவேகமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். மெதுவாக, வெளியே விடும் மூச்சை நீளமாக விடுங்கள்.

காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சு விடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஆஸ்துமாவோ மாரடைப்போ ஆக இருந்தால் அது ஆபத்து.

அக்டோபர் 13

"இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி, நம் பாட்டி தாத்தாவுக்கு ஏது பேனிக் அட்டாக்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் அம்மாவைப் பற்றியது.

1871ல் டா கோஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், உள்நாட்டுப் போரில் சிப்பாய்களாக இருந்தவர்களைப் பற்றி எழுதினார். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், நெஞ்சு வலி என்று வந்தவர்கள். எரிச்சலுற்ற இதயம் என்று அதற்குப் பெயர் வைத்தார். இதய நோய் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். பீதி நோய்க்கும் (பேனிக் அட்டாக் திரும்பத் திரும்ப வருவது) பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய்க்கும் (பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, அது) அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனித்தனிப் பெயர் கிடைத்தது 1980ல். இரண்டும் ஒரே வருடம். பெயர்தான் புதுசு.

என் அம்மா இலங்கையில் மாத்தளையில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் பட்டியலில் தாத்தா பெயர் இருந்தது, ஆனால் போக மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். 1977 ஆகஸ்டில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். ராத்திரி லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஆட்கள் வந்தார்கள், அம்மாவும் சித்திகளும் விடியும்வரை தேயிலைச் செடிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். அடுத்த வருடம் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. நான் பிறந்தது இங்கேதான்.

ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அம்மாவுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வியர்த்துக் கொட்டும், வாய் பேச வராது. காத்து கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். வாயுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர்கூட அந்த 1977ஆம் வருடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பின்கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போட அம்மா இன்றுவரை விடமாட்டார். எதற்கு என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் தேயிலை.

பாட்டி தாத்தாவுக்கு இருந்தது ஐயா. தாயத்து கட்டி மூடி வைத்தோம்.

அக்டோபர் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ உங்களுக்கு ரத்தத்தில் வந்ததா?" என்று கேட்கிறார்கள். சுலபத்தில் பயப்படும் உடல்வாகு பரம்பரையாக வரலாம். ஆனால் அதைவிட, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைக் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. ராத்திரி கதவு தட்டினால் அம்மா முகம் மாறும். நான் அதைப் பார்த்து வளர்ந்தேன். 2009ல் என் கதவை ராத்திரியில்தான் தட்டினார்கள். இதை எழுதும்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 17

தம்பிக்கு. சம்பவம் நடந்த அன்று கூட இருந்த ஏதோ ஒன்று, சத்தமோ வாடையோ வெளிச்சமோ, ஆபத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூளைக்குள் அமிக்டாலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்து மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே அது அடித்துவிடும். அந்த வாடையைத்தான் மோந்தோம் என்றுகூட நமக்குத் தெரியாது, நெஞ்சு அடிப்பது மட்டும் தெரியும். காரணமே இல்லாமல் வந்தது என்று நினைப்போம்.

உங்களுக்கு உயரம்தான் பயம் என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஆனால் மலை ஏறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வருகிறது என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ஏறினாலும் இறங்கினாலும் பள்ளம் அதே பள்ளம்தானே? ஒரு நோட்டு போடுங்கள். எந்த இடம், எந்த சீட், ஜன்னல் திறந்திருந்ததா, சாப்பிட்டீர்களா, கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்.

அக்டோபர் 20

நோட்டு போடச் சொன்னேனே, அதனால் நான் சொல்ல வேண்டிய இரண்டாவது திருத்தம்.

மழைதான் காரணம் என்று முதல் நாள் எழுதினேன். பல வருடம் அப்படித்தான் நம்பினேன், அதனால் ஜூன் முதல் டிசம்பர் வரை வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். 2014ல் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த உளவியலாளர் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். மூன்று மாதத்தில் பதினோரு தடவை வந்திருந்தது. அதில் மழை பெய்த நாள் மூன்றே மூன்று. அந்த நோட்டைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வந்தது.

மீதி எட்டும் எங்கே? குன்னூர் மார்க்கெட் படி. கோயில் படி. பையோடு வீட்டுப் படி. மகள் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியது. எல்லாமே மூச்சு வாங்கிய இடங்கள்.

சத்தமோ வாடையோ மட்டும்தான் ஒட்டிக்கொள்ளும் என்று இல்லை, உடம்புக்குள் நடப்பதும் ஒட்டிக்கொள்ளும். அன்று ராத்திரி படியேறும்போது என் இதயம் அடித்த அடி, நெஞ்சு எரிந்த எரிச்சல், அவைதான் ஒட்டிக்கொண்டன. அப்புறம் எதற்காக மூச்சு வாங்கினாலும் உடம்புக்கு அது அந்த ராத்திரிதான். மூச்சு வாங்கும், பயம் வரும், பயத்தால் இன்னும் மூச்சு வாங்கும், அதைப் பார்த்து இன்னும் பயம். டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1986ல் இந்தச் சுழலைப் பற்றி எழுதியிருக்கிறார். உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தை இப்போதே வரப்போகும் பேராபத்து என்று தப்பாகப் படிப்பதுதான் பீதியை உச்சத்துக்கு ஏற்றுகிறது என்பது அவர் சொன்னது.

மலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கொடுமை என்று சமவெளிக்காரர்களுக்குப் புரியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். படியில்லாத வீடு கிடையாது, மேடில்லாத தெரு கிடையாது. நாள் பூராவும் மூச்சு வாங்கும். நான் இருநூறு மீட்டருக்கு ஆட்டோ பிடித்தேன். தையல் கடையை ரோட்டு மட்டத்துக்கு மாற்றினேன், வாடகை இரண்டு மடங்கு. அண்ணன் வீட்டுக்கு இரண்டு வருடம் போகவில்லை, அது மேட்டில் இருக்கிறது என்பதால். அண்ணன் மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டார்.

அக்டோபர் 21

எப்படிச் சரியானது என்று கேட்டவர்களுக்கு, என் அனுபவம் மட்டும்.

பயப்படும் உணர்ச்சியை வேண்டுமென்றே வரவழைக்கச் சொன்னார்கள். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, ஒரே படியில் ஏறி ஏறி இறங்குவது. முதல் நாள் ஸ்ட்ராவை வாயில் வைத்து இருபது விநாடியில் அழுதுவிட்டேன். ஆனால் செய்யச் செய்ய, மூச்சு வாங்கினால் மண் சரியாது என்று உடம்பே கற்றுக்கொண்டது. வாயால் சொன்னால் அதற்குப் புரியாது, செய்து காட்ட வேண்டும். இதயம், ஆஸ்துமா பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

அப்புறம் அந்த ராத்திரியைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வைத்தார்கள், பல தடவை. செர்ட்ராலின் என்ற மாத்திரை ஒரு வருடம் போல எடுத்தேன், டாக்டர் சொல்லித்தான் மெதுவாகக் குறைத்து நிறுத்தினேன். அதற்கு முன்பு ஒரு தனியார் டாக்டர் அல்பிரசோலம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, நானே கடையில் வாங்கி ஏழு மாதம் போட்டிருந்தேன். அது கெட்ட காலம். உடனே அமைதியாகும், ஆனால் பழகிவிட்டால் விடுவது கஷ்டம், சட்டென்று நிறுத்தினால் படபடப்பு இரண்டு மடங்காகத் திரும்பும். யாராவது அப்படி மாட்டியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் போங்கள். போக வெட்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

நவம்பர் 1

தீபாவளி முடிந்தது. மகள் கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்தாள், இருபது வயது. பக்கத்தில் அணுகுண்டு வெடித்தபோது நான் நிமிரக்கூட இல்லை, அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுக்கு 2009 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "உன் கழுத்துல என் மூக்கு அழுந்துனது ஞாபகம் இருக்கும்மா" என்றாள்.

நவம்பர் 10

இன்றோடு பதினைந்து வருடம். வருடா வருடம் இந்த வாரத்தில் தூக்கம் கெடும், தேதி ஞாபகம் இல்லாவிட்டாலும் கெடும். இது நிறையப் பேருக்கு உண்டு. ஜூலையில் வயநாடு முண்டக்கை சரிவை டிவியில் காட்டியபோதும் இப்படித்தான் இருந்தது, இரண்டு நாளில் டிவியை நிறுத்திவிட்டேன். கூடலூர் பக்கம் உறவுக்காரர்களை அங்கே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பாருங்கள். "அழாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதல் நாள் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். சொல்லத்தான் வேண்டும். நாங்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா கதவில் நின்றார். "நீ புள்ளையத் தூக்கிட்டுப் போ, நான் பின்னாலயே வர்றேன்" என்றார். படியேறும்போது பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வருகிறார், வருகிறார் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அது என் மூச்சுதான்.

இதை நோட்டில் எழுதிக் காட்டியபோது உளவியலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெறும் ஓட்டமாக இருந்திருந்தால் என் உடம்பு எப்போதோ மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன், இப்போதும். பயம் போய்விட்டது, திரும்பிப் பார்ப்பது போகவில்லை. அது போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

நவம்பர் 12

நேற்று நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருந்தீர்கள், எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர், "பெரியம்மா விதி அது" என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடு எழுதியிருப்பார். ஆனால் தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். விதி என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்குப் பேசத்தான் தேவைப்பட்டது.

நவம்பர் 24

கொடைக்கானல் தம்பி நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஏழு தடவை. ஏழிலும் ஒரே வரி வருகிறது, அவர் கவனிக்காமல் எழுதியது: "பிரேக் கருகும் வாடை." மலை இறங்கும் பஸ்ஸில் எல்லோரும் மோந்திருப்போம், லைனர் சூடாகி வரும் அந்த வாடை. ஏறும்போது வராது. அன்றைக்கு அந்த வேனிலும் மோதுவதற்கு முன்னால் அதுதான் வந்திருக்கிறது. டிரைவரிடம் சொல்லலாமா என்று யோசித்து, பெரியவர்கள் இருக்கிறார்களே என்று சும்மா இருந்துவிட்டாராம். அதையும் இப்போதுதான் எழுதியிருக்கிறார்.

மதுரையில் ஒரு ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த வாடை இல்லாத இடத்திலிருந்து தொடங்கி மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். அவசரப்பட வேண்டாம் தம்பி.

டிசம்பர் 15

தம்பி எழுதியிருக்கிறார். லீவு முடிந்து நேற்றுக் கொடைக்கானலில் இருந்து இறங்கினாராம். வெள்ளி அருவி தாண்டும்வரை ஒன்றுமில்லை. பெருமாள்மலைக்குக் கீழே வாடை வந்தது. நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது. ஜன்னலை மூடவில்லை, போனை எடுக்கவில்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்பது நிமிடம். அப்புறம் எழுந்து முன்னால் போய், "அண்ணா, பிரேக் வாடை அடிக்குது" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, "இறக்கத்துல அப்படித்தான் தம்பி, நல்லாப் பிடிக்குது பாரு" என்று ஒரு தடவை மிதித்துக் காட்டினாராம். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பரோட்டா சாப்பிட்டிருக்கிறார்.

தம்பி, அடுத்த தடவை எந்த சீட் என்றும் எழுதுங்கள். இந்தத் தடவை அதை விட்டுவிட்டீர்கள்.